நாற்பத்தொரு வருஷம் காத்திருந்த வக்கீல்

அமெரிக்காவில் நாலு தமிழர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு விசாவுக்கு வந்துவிடும். யார் எந்த வருஷம் வந்தார், யாருக்கு எந்தப் பிரிவில் கிரீன் கார்டு கிடைத்தது, யாருடைய தேதி இன்னும் நகராமல் நிற்கிறது. இந்தப் பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். அதில் ஒரு பெயர் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. இமானுவேல் செல்லர். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலிருந்து தேர்வாகி, ஐம்பது வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைவாக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருந்த வக்கீல். இந்தியர்கள் அங்கே குடியுரிமை பெற முடிந்ததற்கும், எழுபதுகளிலிருந்து தமிழ் டாக்டர்களும் இன்ஜினியர்களும் குடும்பத்தோடு போக முடிந்ததற்கும் காரணமான இரண்டு சட்டங்களிலும் அவர் பெயர் இருக்கிறது. அவரைப் பற்றித் தமிழில் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

1888இல் புரூக்ளினில் பிறந்தவர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பாவுக்கு விஸ்கி வியாபாரம். அது நொடித்துப்போன பிறகு அவர் வீடு வீடாக ஒயின் விற்றுப் பிழைத்திருக்கிறார். மகன் கொலம்பியா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார், சில மாதங்களிலேயே அம்மாவும் போய்விட்டார். குடும்பம் இவர் தலையில். காலையில் வகுப்பு, மதியத்திலிருந்து இரவு வரை அப்பா விட்டுப்போன அதே வாடிக்கையாளர்களிடம் ஒயின் விற்பனை, இப்படியே பட்டம் வாங்கி, 1912இல் கொலம்பியாவிலேயே சட்டமும் முடித்து வக்கீலானார். 1922 தேர்தலில், ஜனநாயகக் கட்சிக்கு நம்பிக்கையே இல்லாத தொகுதியில் நின்றார். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. ஒயின் விற்றுப் படித்த இவர் மதுவிலக்கை எதிர்த்துப் பிரசாரம் செய்து ஜெயித்தார்.

1923 மார்ச் 4ஆம் தேதி அவருடைய பதவிக்காலம் தொடங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி 19 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. திந்த் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி ‘சுதந்திரமான வெள்ளையர்’களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இனவியல் நூல்களின்படி வட இந்தியர்கள் காகேசியர்கள்தானே, அதனால் நானும் வெள்ளையன்தான் என்பது திந்தின் வாதம். சாதாரண மனிதன் வெள்ளையர் என்று யாரை நினைக்கிறானோ அவர்தான் வெள்ளையர், இனவியல் எல்லாம் எதற்கு என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்டே இங்கிலாந்தில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா வந்தவர். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அதைத் திரும்பப் பறித்தார்கள்.

செல்லர் சபைக்குள் நுழைந்த நேரம் இதுதான். அடுத்த வருஷமே பெரிய சண்டை. 1924ஆம் ஆண்டின் ஜான்சன்-ரீட் சட்டம் வந்தது. அதில் இருந்த கணக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் செல்லர் எதை எதிர்த்தார் என்பது புரியாது. 1921இல் வந்த முந்தைய சட்டம், 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டு ஆட்களின் எண்ணிக்கையை எடுத்து, அதில் 3 சதவீதம் பேர் அந்த நாட்டிலிருந்து வருஷத்துக்கு வரலாம் என்றது. 1924 சட்டம் 3ஐ 2 ஆக்கியது, அதைவிட முக்கியமாக, 1910ஐ விட்டுவிட்டு 1890ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டது. ஏன் இருபது வருஷம் பின்னால் போனார்கள்? இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்ய யூதர் ஆகியோரின் பெருங்கூட்டம் வந்தது 1890க்குப் பிறகுதான். அவர்கள் வருவதற்கு முந்தைய கணக்கை எடுத்தால் அவர்களின் கோட்டா சிறுத்துப்போகும், மொத்தத்தில் ஜெர்மானியர் போன்ற வடமேற்கு ஐரோப்பியரின் பங்கு பெருகும். வருஷத்தை மட்டும் மாற்றி ஒரு தேசத்தின் முகத்தைத் தீர்மானித்தார்கள். ஆசியர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் உள்ளேயே வரக்கூடாது என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். திந்த் தீர்ப்பு இருக்கும்போது இந்தியர்களுக்கு அந்த ஒரு வரியே போதும்.

செல்லர் புதுமுகம். முதல் பெரிய உரையை இதை எதிர்த்துத்தான் பேசினார். அவருடைய தொகுதி முழுக்க அந்த 1890க்குப் பின் வந்த ஜனங்கள். பேசி ஒன்றும் ஆகவில்லை. மசோதா 323க்கு 71 என்ற கணக்கில் நிறைவேறியது. செனட்டில் எதிர்த்தவர்கள் வெறும் 6 பேர்.

இந்த எண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு பெரும்பாலான அரசியல்வாதிகள் வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்கள். செல்லர் போகவில்லை. ஒவ்வொரு காங்கிரஸிலும், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு இரண்டு வருஷக் காலத்திலும், அதே பிரச்சினையோடு வந்து நின்றார். ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடிவந்த யூதர்களுக்குக்கூட இந்தக் கோட்டா கதவைத் திறக்கவில்லை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அதைத் தளர்த்தச் சொல்லி, தன் கட்சியின் அதிபரான ரூஸ்வெல்ட்டின் வெளியுறவுத் துறையோடு அவர் மல்லுக்கு நின்றார். பெரும்பாலும் தோற்றார். அந்தத் தோல்விகளின் விலை உயிர்கள். அது கடைசிவரை அவருக்குள் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

முதல் சின்ன வெற்றி இந்தியர்கள் விஷயத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயம், இந்தியச் சிப்பாய்கள் நேச நாடுகளின் பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அமெரிக்கச் சட்டமோ அவர்களைக் குடிமக்களாகக்கூடத் தகுதியற்றவர்கள் என்கிறது. சீனர்களுக்கு 1943இலேயே தடையை நீக்கியாகிவிட்டது. நியூயார்க்கில் இந்தியா லீக் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பை நடத்திய ஜே.ஜே. சிங் வாஷிங்டனில் ஒவ்வொரு உறுப்பினராகப் பார்த்துப் பேசினார். ஜனநாயகக் கட்சியிலிருந்து செல்லரும், குடியரசுக் கட்சியிலிருந்து கனெக்டிகட்டின் கிளேர் பூத் லூஸும் மசோதாவைக் கையில் எடுத்தார்கள். 1946 ஜூலை 2 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். அதுதான் லூஸ்-செல்லர் சட்டம். கிடைத்தது வருஷத்துக்கு 100 இந்தியர், 100 பிலிப்பினோக்கள்.

நூறு பேர்தானா என்று தோன்றும். ஆனால் அதோடு வந்த இன்னொன்று பெரியது: ஏற்கெனவே அங்கே இருந்த இந்தியர்கள் குடிமக்களாகலாம். கலிஃபோர்னியாவில் நிலத்தில் உழைத்தும் தன் பெயரில் நிலம் வாங்க முடியாமல் இருந்த பஞ்சாபி விவசாயிகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு விவசாயம் செய்துகொண்டிருந்த தலிப் சிங் சௌந்த் 1949இல் குடிமகனானார், 1956 தேர்தலில் ஜெயித்து அமெரிக்கக் காங்கிரஸுக்கே போனார். ஆசியாவில் பிறந்த ஒருவர் அங்கே உறுப்பினரானது அதுதான் முதல் தடவை. செல்லர் கொண்டுவந்த சட்டத்தால் குடிமகனானவர் பத்து வருஷத்துக்குள் அவர் இருக்கும் அதே சபையில் வந்து உட்கார்ந்தார்.

1949இல் செல்லர் சபையின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவரானார். இடையில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்ற இரண்டு வருஷம் தவிர 1973 தொடக்கம் வரை அந்த நாற்காலி அவருடையதுதான். அன்றைய காங்கிரஸில் குழுத் தலைவர் பதவி மூப்பு அடிப்படையில் வரும், வந்துவிட்டால் அசைக்க முடியாது. எந்த மசோதாவை விசாரணைக்கு எடுப்பது, எதை எடுக்காமலே விடுவது என்பது தலைவர் கையில். வக்கீல் மூளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உதாரணத்துக்கு 1950இல் வந்த செல்லர்-கெஃபாவர் சட்டம். ஒரு கம்பெனி போட்டிக் கம்பெனியின் பங்குகளை வாங்கி விழுங்குவதை 1914ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம் தடுத்தது. ஆனால் பங்கை வாங்காமல் ஆலையையும் இயந்திரங்களையும் சொத்தாக நேரடியாக வாங்கினால் அந்தச் சட்டம் பாயாது. முப்பத்தாறு வருஷம் பெரிய கம்பெனிகள் இந்த ஓட்டை வழியே போய்க்கொண்டிருந்தன. செல்லர் அதை அடைத்தார். இன்றும் அமெரிக்காவில் இரண்டு பெரிய நிறுவனங்கள் இணையும்போது அரசு வழக்குப் போட்டால், அந்தத் திருத்தம் பெற்ற பிரிவைத்தான் கையில் எடுக்கிறது.

அவருடைய வக்கீல் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை மறைத்துவிட்டுப் புகழ்வது நியாயமில்லை. காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே நியூயார்க்கில் வக்கீல் அலுவலகத்தையும் வைத்திருந்தார். அந்த அலுவலகத்துக்கு இரண்டு கதவுகள். ஒரு கதவின் பலகையில் செல்லரின் பெயர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மத்திய அரசு சம்பந்தப்பட்ட வழக்குகள் பெயர் இல்லாத கதவு வழியாக. சட்டப்படி தப்பில்லை, அன்று பலரும் செய்ததுதான். ஆனாலும் பத்திரிகைகள் கண்டித்தன, கண்டித்தது சரிதான். சட்டம் இயற்றும் குழுவின் தலைவருக்கும் அந்தச் சட்டத்தால் பாதிக்கப்படும் கட்சிக்காரருக்கும் நடுவில் ஒரு பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் போதாது. உறுப்பினர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வக்கீல் தொழில் பார்ப்பதையே தடுக்கும் சட்டம் 1989இல்தான் வந்தது.

இனி 1963. கென்னடியின் சிவில் உரிமை மசோதா, கறுப்பின மக்களுக்கு ஹோட்டலிலும் உணவகத்திலும் வேலையிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்ற மசோதா, செல்லரின் குழுவுக்கு வந்தது. அவர் அதைத் தானே தலைமை வகித்த உபகுழுவுக்கு எடுத்துக்கொண்டுபோய், அரசு கேட்டதைவிடக் கடுமையாக ஆக்கி வைத்தார். அரசு பதறியது. இவ்வளவு கடுமையாக இருந்தால் சபையில் தோற்கும் என்று அதிபரின் தம்பியும் அரசின் தலைமை வழக்கறிஞருமான ராபர்ட் கென்னடியே நேரில் வந்து வாதாடினார். ஒஹையோவின் சிறிய ஊர் ஒன்றிலிருந்து வந்த வக்கீல், குடியரசுக் கட்சியின் வில்லியம் மக்கல்லக், இதில் முக்கியமான ஆள். அவர் ஆதரவு தருவதாகச் சொன்னார், ஆனால் நாங்கள் இங்கே கஷ்டப்பட்டு நிறைவேற்றியதை செனட்டில் பேரம் பேசி நீர்த்துப்போக விடக்கூடாது என்று உறுதிமொழி கேட்டார். செல்லர் இறங்கிவந்தார். சொந்த ஆதரவாளர்களிடமே திட்டு வாங்கிக்கொண்டு நடுவழியில் நின்றார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த கட்டம் இது. கைதட்டல் வாங்கும் மசோதாவும் நிறைவேறும் மசோதாவும் ஒன்றல்ல என்று தெரிந்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அப்புறமும் முட்டுக்கட்டை. மசோதா சபைக்கு வருவதற்கு விதிக்குழு வழிவிட வேண்டும். அதன் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், இனப் பிரிவினையை ஆதரிப்பவர், கோப்பைத் தொடவே மறுத்தார். இதற்கு ஒரு வழி உண்டு: சபையில் பாதிக்கு மேல், அதாவது 218 பேர் கையெழுத்துப் போட்டால் எந்தக் குழுவிடமிருந்தும் மசோதாவை வெளியே எடுத்துவிடலாம். செல்லர் 1963 டிசம்பரில் அந்த மனுவைத் தாக்கல் செய்தார். கையெழுத்துகள் கூடக் கூட ஸ்மித் வேறு வழியில்லாமல் விசாரணையைத் தொடங்கினார். 1964 பிப்ரவரி 10 அன்று மசோதா 290க்கு 130 என்று சபையில் நிறைவேறியது. கென்னடிக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது ஜூலை 2, லூஸ்-செல்லர் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்ட அதே தேதி.

அடுத்த வருஷம் குடியேற்றச் சட்டம். இதில் செல்லருக்கு இருந்த தடை அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தது. பழைய கோட்டாவைக் கட்டிக்காத்து 1952 சட்டத்தை எழுதிய பிரான்சிஸ் வால்டர், செல்லரின் குழுவுக்குள்ளேயே குடியேற்ற உபகுழுவின் தலைவர். வால்டர் இருந்தவரை எதுவும் நகரவில்லை. 1963 மே மாதம் அவர் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஒஹையோவின் மைக்கேல் ஃபீகனும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. படிப்புக்கும் திறமைக்கும் முதலிடம் தர நினைத்தது அரசு. அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் உறவினருக்குத்தான் முதலிடம் என்று ஃபீகன் மாற்ற வைத்தார். இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர், அவர்களின் சொந்தக்காரர்களே வந்தால் நாட்டின் கலவை மாறாது என்பது கணக்கு. கோட்டாவைக் காப்பாற்ற நினைத்த பலரும் இந்த நம்பிக்கையில்தான் சம்மதித்தார்கள். செல்லரும் சபையில், ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ரொம்பப் பேர் வரமாட்டார்கள், அவர்களுக்கு இங்கே சொந்தம் இல்லையே என்று சொன்னார். ஓட்டு வாங்கச் சொன்னாரா, உண்மையாக நம்பினாரா என்று ஆராய்ச்சியாளர்கள் வாதிடலாம். அன்றிருந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நம்பித்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது.

318க்கு 95. 1924இல் 71 பேரில் ஒருவராகத் தோற்றவர், நாற்பத்தொரு வருஷம் கழித்து அதே சபையில், தன் பெயரிலேயே வந்த ஹார்ட்-செல்லர் சட்டத்தின் மூலம் அந்தக் கோட்டாவை ஒழித்தார். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜான்சன் கையெழுத்திட்டார். கிழக்கு அரைக்கோளத்துக்கு மொத்தம் 1,70,000 இடம், எந்த நாடானாலும் அதிகபட்சம் 20,000.

ஃபீகனின் கணக்கு பொய்த்துப்போனது. ஐரோப்பா செழித்துக்கொண்டிருந்தது, அங்கிருந்து வருபவர்கள் குறைந்தார்கள். தொழில்முறை வல்லுநர்களுக்கு ஒதுக்கிய 10 சதவீதத்தின் வழியாக இந்திய டாக்டர்களும் இன்ஜினியர்களும் விஞ்ஞானிகளும் நுழைந்தார்கள், நுழைந்தவர்கள் குடிமக்களானதும் உறவினர் பிரிவில் தம்பியையும் தங்கையையும் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டார்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான், சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து எழுபதுகளின் தொடக்கத்தில் புரூக்ளினிலேயே ஒரு மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவருக்குச் செல்லர் யாரென்று தெரியாது. பக்கத்துக் குவீன்ஸில், ஃப்ளஷிங்கில், 1977 ஜூலை 4 அன்று பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது கூடியிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை 1965 சட்டத்தின் வழியாக வந்தவைதான். டெல்லியில் பிறந்து கைக்குழந்தையாக வந்த, தமிழ்ப் பெற்றோரின் மகன் ராஜா கிருஷ்ணமூர்த்தி, சட்டம் படித்து வக்கீலாகி, 2016இல் இல்லினாயிலிருந்து அதே சபைக்குத் தேர்வானார்.

இவ்வளவையும் செய்த மனிதர், பெண்கள் விஷயத்தில் நாற்காலியை வேறு மாதிரி பயன்படுத்தினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று அரசியல் சாசனத்தில் எழுதும் திருத்தத்தை இருபது வருஷத்துக்கும் மேலாகக் குழுவிலேயே போட்டு வைத்திருந்தார். 1964 மசோதாவில் வேலைவாய்ப்புப் பகுதியில் பால் பாகுபாட்டையும் சேர்த்தபோது அதையும் எதிர்த்தார். என் வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையதுதான், அது ‘சரி அம்மா’ என்பதுதான் என்கிற மாதிரி சபையில் தமாஷ் பேசினார். பெண் தொழிலாளர்களுக்கு இருந்த பாதுகாப்புச் சட்டங்கள் போய்விடும் என்று அவர் சொன்ன காரணம் பொய்யானதல்ல, எலினார் ரூஸ்வெல்ட்கூட நெடுங்காலம் அதே காரணத்துக்காக எதிர்த்தார். ஆனால் 1970 வரை விசாரணைக்குக்கூட எடுக்காமல் இருந்ததற்கு அந்தக் காரணம் போதாது. மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ், அவரும் வக்கீல், 218 பேரிடம் கையெழுத்து வாங்கி மசோதாவைச் செல்லரின் குழுவிலிருந்து வெளியே எடுத்தார். ஸ்மித்துக்கு எதிராகச் செல்லர் கையிலெடுத்த அதே மனு. 352க்கு 15 என்று சபையில் நிறைவேறியது. அவ்வளவு பெரிய ஆதரவுள்ள விஷயத்தை ஒரே ஆள் இத்தனை வருஷம் தடுத்து வைத்திருக்க முடிந்தது என்பது எனக்கு இன்னும் கோபம் தரும் விஷயம்.

1972 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் உள்கட்சித் தேர்தல். செல்லருக்கு வயது 84. எதிர்த்து நின்றவர் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன், வயது 30, இளம் வக்கீல், கையில் பணமில்லை. வாஷிங்டன் நினைவுத்தூணைப் பல் குச்சியால் சாய்க்கப் பார்க்கிறார் என்று செல்லர் அலட்சியமாகச் சொன்னார். ஹோல்ட்ஸ்மன் சுரங்க ரயில் நிலையங்களிலும் சினிமா வரிசைகளிலும் நின்று ஆள் ஆளாகப் பேசினார். தொகுதியில் செல்லருக்கு ஓர் அலுவலகம்கூட இல்லை என்பதையும், வியட்நாம் போரையும், பெண்கள் திருத்தத்தையும் பேசினார். சுமார் 600 ஓட்டில் ஜெயித்தார். செல்லரின் நாற்காலி நியூஜெர்சியின் பீட்டர் ரோடினோவுக்குப் போனது, நிக்சனைப் பதவிநீக்கம் செய்யும் விசாரணையை 1974இல் நடத்தியது அந்தக் குழுதான், அதில் உறுப்பினராக இருந்து ஓட்டுப் போட்டவர்களில் ஹோல்ட்ஸ்மனும் ஒருவர். பிறகு அவரே குடியேற்ற உபகுழுவுக்குத் தலைவராகி 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தைச் சபையில் கொண்டுவந்தார். முப்பதுகளில் செல்லர் கேட்டுக் கிடைக்காமல் போனதற்கு, அகதிகளுக்கென்று நிரந்தரமான தனி வழி, அவரைத் தோற்கடித்தவர் மூலம் வடிவம் கிடைத்தது. செல்லர் அதைப் பார்த்துவிட்டு, 1981 ஜனவரியில் 92 வயதில் புரூக்ளினில் இறந்தார்.

சரி, கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் இன்றைய வரிசைக்கு வருகிறேன், நம் ஆட்கள் அதைத்தான் கேட்பார்கள். எல்லா நாடும் சமம், எந்த நாட்டுக்கும் தனிச் சலுகை வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் 1965இல் வைத்த நாட்டு உச்சவரம்பு, 1990 சட்டத்தில் 7 சதவீதமாக மாறியது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000 என்றால் எந்த ஒரு நாட்டுக்கும் சாதாரணமாக அதில் 7 சதவீதம்தான். ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. பிறந்த நாட்டை வைத்து ஆளை அளக்கக்கூடாது என்று நாற்பத்தொரு வருஷம் வாதாடியவரின் சட்டத்துக்குள்ளேயே, பிறந்த நாட்டை வைத்துக் காக்க வைக்கும் விதி தங்கிவிட்டது. 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை வேலைப் பிரிவில் இந்த வரம்பை எடுக்கும் மசோதாவை 365க்கு 65 என்று நிறைவேற்றியது. செனட் 2020 டிசம்பரில் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்து மசோதா காலாவதியானது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.